லாரிப் பாதையில் லியோன்சியாவின் இடம்

எங்கள் சந்தையில் இடம் பிடிக்க ஒரு கல் போதும். அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்த இடம் உன்னுடையது. பிரசவத்துக்குப் படுத்தாலும், பனியில் வழி மூடிப்போய் வர முடியாவிட்டாலும், அந்தக் கல் இருக்கும் இடத்தில் வேறு யாரும் கடை விரிக்க மாட்டார்கள். கல்லை மிதித்தால் மிதித்தவன் வீட்டு லாமாக்கள், கம்பளிக்கும் கறிக்கும் நாங்கள் வளர்க்கும் மலை ஒட்டகங்கள், குட்டி போடாது என்பார்கள். அதை நம்பாதவர்கள்கூட இதுவரை மிதித்ததில்லை.

ஞாயிறுதோறும் எல்லைக்கோட்டின் மேலேயே உட்காருவோம். சிலிப் பக்கம் நான், ஒலிவக்காயும் மாவும் மீன் டப்பாவுமாக. பொலிவியப் பக்கம் என் நாத்தனார் லியோன்சியா, உப்புக்கண்டம் போட்ட லாமா இறைச்சியோடு. எங்கள் போர்வைகளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். காற்று எந்த நாட்டுத் தூசியை எந்த நாட்டில் போடுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த இடத்தில்தான் புதிய எல்லைச்சாவடி வந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்காக இரண்டு சிமெண்டுப் பாதைகள், எல்லைக்கோட்டில் பாதைக்கு ஒரு தடுப்புக் கம்பு. சந்தையை இனிமேல் நகரத்தில் நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் போனாலே அரை நாள் ஆகும் நகரம். லியோன்சியாவிடம் இருப்பது லாமாக்கள் மட்டும்; அவற்றைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. நகரத்துக்குப் போவதென்றால் அவற்றை விற்றுவிட்டு, கூலி வேலைக்குத்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. முந்தின நாள் மதியம் அவள் கல்லோடு வந்து நின்றாள்.

"அக்கா, எல்லாம் ஒரே சிமெண்டா கெடக்கு. இதுல உன் இடம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" என்றேன்.

அவள் தரையைப் பார்க்கவே இல்லை. "அந்த ரெண்டு மலையும் கழுதைக் காது மாதிரி தெரியுது பார், அதுக்கு நேரே. சிமெண்டு போட்டா மலை நகர்ந்துடுமா?"

கல்லை வைத்தாள். முதல் பாதையின் நட்டநடு. அவளைப் பார்த்து மற்ற சந்தைக்காரர்களும் மலைகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு பாதைகளிலும் வைத்தார்கள்.

மறுநாள் காலை மேளதாளம் முழங்க முதல் லாரி வந்தது. கற்களுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"ஏன்யா நிறுத்தினே?" என்று ஓடிவந்தார், சாவடியைக் கட்டிய எஞ்சினியர் உர்கீதி. கீழே வெப்பச் சமவெளியிலிருந்து வந்தவர்; எங்கள் உயரத்து மெல்லிய காற்று பழகாதவர்.

டிரைவர் தெமெத்ரியோ எங்கள் மலைக்காரன். "ஆள் உட்கார்ந்திருக்காங்க, ஐயா."

"எங்கே ஆள்? வெறும் கல்லு!"

"கல்லுதான். ஆனா லியோன்சியா அக்கா உட்கார்ந்திருக்காங்க."

"ஏத்திட்டுப் போடா!"

தெமெத்ரியோ கீழே இறங்கி, சாவியை நீட்டினான். "நீங்களே ஓட்டுங்க, ஐயா. எங்க வீட்டுல லாமா சினையா இருக்கு."

எஞ்சினியர் சாவியை வாங்கவில்லை. தானே குனிந்து ஒரு கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டார். இன்னொன்று. அதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அவர் எடுத்துப்போட்டதை லியோன்சியா பின்னாலேயே போய் எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தாள்.

"ஐயா, மூச்சை ஊர்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று யாரோ கத்த, சந்தையே சிரித்தது. பொலிவியப் பக்கத்துப் போலீஸ்காரர் ரொட்டியைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. எஞ்சினியர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினார்.

"சரிம்மா. ரெண்டாவது பாதையை மட்டும் விட்டுடுங்க."

அங்கே கல் வைத்திருந்தவர்கள் லியோன்சியாவைப் பார்த்தார்கள். "எங்க பக்கம் வாங்கடி, நெருக்கி உட்காரலாம்" என்றாள். அவர்கள் தங்கள் கற்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றார் எஞ்சினியர்.

"ஞாயித்துக்கிழமை எல்லாம்" என்றாள் லியோன்சியா.

"மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க."

"மேலிடத்தையும் ஒரு ஞாயிறு வரச் சொல்லுங்க. இடம் இருந்தா தர்றேன்."

அவர் டிரைவருக்குக் கைகாட்டினார். தெமெத்ரியோ லாரியைப் பின்னுக்கு எடுத்து இரண்டாவது பாதையில் விட்டான். வாத்தியக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு வாசித்தார்கள்.

முதல் பாதையை மூடிவிட்டதாகக் காட்ட, சாவடிக் காவலர் எங்கள் இருவருக்கும் நடுவே, எல்லைக்கோட்டில், தடுப்புக் கம்பை இறக்கினார். சிவப்பும் வெள்ளையுமாகப் புதுப்பெயிண்ட் மின்னியது. லியோன்சியா அதைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நல்ல உறுதி. மூட்டையை அவிழ்த்து, உப்புக்கண்டத்தை ஒவ்வொன்றாக அதன்மேல் தொங்கவிட்டாள்.

"இப்போலிட்டா, உன் மீன் டப்பாவைக் கம்புக்குக் கீழே தள்ளு" என்றாள். "வியாபாரத்தைப் பார்ப்போம்."