மூன்றாம் வகுப்பின் தரை

1983ஆம் வருஷம், இண்டூருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரைக்குள் இறங்கத் தொடங்கினார்கள். அந்த வருஷம் மழை பொய்த்தது, தக்காளி விலை போகவில்லை, பிள்ளைகள் இறங்கினார்கள். மாயவன் சார் பாடம் நடத்தி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுதுங்க சார்!" என்று கூரை ஓடு அதிரும். புரியாமலே அப்படிச் சொன்ன பிள்ளை ஒரு விரல்கடை மண்ணுக்குள் போகும். சார் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறவர், அவருக்கு எங்கே தெரியப்போகிறது! பிள்ளைகளும் மூச்சு விடவில்லை. புரியலை என்றால் பிரம்படி, மண்ணுக்குள் போனால் வலியில்லை. மணியடித்ததும் ஒருவரையொருவர் இழுத்துவிட்டுக்கொண்டு வூட்டுக்கு ஓடினார்கள்.

ஹசீனாதான் மாட்டிக்கொண்டாள். பூமி சுற்றுகிறது என்று சார் நடத்திய அன்று, "சுத்துனா எங்க கெணத்துத் தண்ணி ஏனுங்க சார் கொட்டல?" என்று கேட்டுவிட்டாள். "அதிகப்பிரசங்கி, உக்காரு! புரிஞ்சுதா?" என்றார் சார். "புரிஞ்சுதுங்க சார்" என்றாள். கேள்வியை மனசில் வைத்துக்கொண்டே சொன்னதாலோ என்னவோ, கழுத்துவரை போய்விட்டாள். எத்தனை பேர் இழுத்தும் வரவில்லை.

அவளுடைய அம்மா ரஹமத் பீவி பதறிக்கொண்டு வந்தபோது தரையில் ஒரு தலையும் இரண்டு ரிப்பனும்தான் தெரிந்தன. "அய்யோ, எம்புள்ளைய என்னங்க சார் பண்ணுனீங்க?" ஊரே மண்வெட்டியோடு வந்தது. தோண்டத் தோண்ட மண் மூடிக்கொண்டது. "புரியாமயே புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேம்மா" என்று அழுதாள் ஹசீனா. சார் அவசரமாக விளக்க ஆரம்பித்தார். புத்தகத்தில் இருந்ததையே மெதுவாகச் சொன்னார், சத்தமாகச் சொன்னார், தண்ணீர்ச் சொம்பைச் சுற்றிக் காட்டித் தன் வேட்டியை நனைத்துக்கொண்டார். பிள்ளையின் முகவாயை மண் தொட்டது.

வருஷக்கணக்காக அதே பாடத்தை நடத்திய மனுஷன். அத்தனை பேர் முன்னால், "எனக்கும் தெரியாது கண்ணு. எங்க வாத்தியார் புரிஞ்சுதான்னார், நானும் ஆமான்னுட்டேன்" என்றார். ஹசீனா கிணற்று வாளி மாதிரி மேலே வந்தாள். சார் முழங்கால்வரை இறங்கினார். சின்ன வயதில் அவர் புரிஞ்சுது என்று சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது போலிருக்கிறது.

பிறகு தர்மபுரிக்குப் போய் விடையைக் கேட்டு வந்து சொன்னார். அந்த வகுப்பில் நின்றால் அவர் இறங்குவது மட்டும் நிற்கவில்லை. கரும்பலகையைத் தாழ்த்தி மாட்டினார்கள், பிள்ளைகளின் முகம் அவருக்கு நேராகத் தெரிந்தது. புரிஞ்சுதா என்று அப்புறம் கேட்டதேயில்லை. சந்தையில் பழைய பிள்ளைகள் "வணக்கங்க சார்" என்றால் முகத்தைப் பார்க்கக் கூசி, காலைத்தான் பார்ப்பார். பாதிப் பேருக்குக் கணுக்கால் மண்ணுக்குள்தான் இருக்கும். அவர்கள் அப்படியே ஏர் ஓட்டினார்கள், பஸ் ஏறினார்கள், கல்யாணம் கட்டினார்கள். ஊரில் யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.