நெஞ்சில் நேற்றைய செய்தி

குளிர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அது உடுப்பு விற்பவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில், பனிக்காலம் முழுவதும் ஒற்றைச் சட்டையோடு ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பழகிவந்தேன்.

என் அக்காள் கணவருக்கு இந்த ஞானம் கிட்டவில்லை. மரக்கடைக்கு அவர் சைக்கிளில் கிளம்பும் கோலத்தைக் கண்டால் குளிரே பயந்து ஒதுங்கும். காலுறைக்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ஷூ. கம்பளிக் கையுறைக்கு மேல், அக்கா பாத்திரம் கழுவும் ரோஸ் நிற ரப்பர் கையுறை. சட்டைக்குள் நெஞ்சுக்குக் குறுக்கே நேற்றைய பேப்பர், நாலு மடிப்பாக, காற்று நுழையாதாம். நயா பைசா செலவில்லை என்று ஊரெல்லாம் பெருமை வேறு. மாமா நடந்தால் சருகு மிதிபடும் சத்தம் கேட்கும். டீ நேரத்தில் மரக்கடைக்காரர்கள் அவரை நிற்கவைத்து விளையாட்டுச் செய்தி படிப்பதாகக் கேள்வி.

“மாமா, நீங்க வேலைக்குப் போறீங்களா, பார்சலாப் போறீங்களா?” என்றேன்.

“இதையே பல்லு தந்தியடிக்காம இன்னொரு தடவை சொல்லு மாப்ள.”

பல் தந்தியடித்தது குளிரால் அல்ல. சிந்தனையால்.

மூன்று மாதப் பழகுகாலம் முடிய ஒரு நாள் இருந்தது. அன்று ஒரு கண்ணாடியின் காதுக்கம்பியில் எறும்புத்தலை அளவு திருகாணியை மாட்டிக்கொண்டிருந்தேன். விறைத்த விரல்கள் இடுக்கியை மதிக்கவில்லை. திருகாணி துள்ளி முதலாளியின் டீயில் விழுந்தது. அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, தமக்கு இரும்புச்சத்து போதுமான அளவு இருப்பதாகச் சொன்னார். பிறகு நிதானமாக, “நாளைக்கு வர்ற மொத கண்ணாடிய நீதான் மாட்டுற. திருகாணி நின்னா நீயும் நிக்கலாம். உன் விரல் வந்தாப் போதும்ப்பா, நீ வரலன்னாக்கூடப் பரவால்ல,” என்றார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமையலறைக்குப் போனேன். இரண்டு ரொட்டி உறைகள் இருந்தன; இரண்டிலும் ரொட்டி இருந்தது. வேறு வழியில்லாமல் பதினோரு துண்டுகளை வெறும் வாயில் தின்று தீர்த்தேன். தொட்டியடியில் பழைய ரப்பர் கையுறைகள் கிடந்தன. இரண்டுமே இடது கை. பழைய பேப்பரில் நல்ல பக்கங்களையெல்லாம் மாமா எடுத்து வைத்துவிடுவார் என்பதால், எனக்குக் கிடைத்தது ‘ஆட்கள் தேவை’ பக்கம். அன்றைய நிலையில் எப்படியும் உபயோகப்படும் என்று நெஞ்சில் வைத்துப் பட்டனைப் போட்டேன்.

கடைக்கு முதலில் வந்தவர் ஒரு டீச்சரம்மா. என் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. திருகாணி சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது. குனிந்து நிமிர்ந்ததில் நான் சரசரத்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படித்துப் பார்க்க எதையோ தேடினார். பேப்பர் எட்டிப் பார்த்த என் கழுத்துக்குக் கீழே பார்வை நின்றது.

“‘ஆட்கள் தேவை. நேர்மையான, சுறுசுறுப்பான...’ அசையாம நில்லு தம்பி. அதுக்குக் கீழ பட்டன் மறைக்குது.”

முதலாளி என் கழுத்தையும் கண்ணாடியின் காதையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் இனிமே உனக்கு வேண்டாம்,” என்றார். “நாளைக்குப் பொடி எழுத்தா பாத்து வச்சிட்டு வா.”

டீச்சரம்மா மிச்சத்தைப் படிக்க, நான் இன்னொரு பட்டனைக் கழற்றினேன்.