ஜிப்சத்துக்கு ஏறிய டிரிப்ஸ்

அந்த ஜிப்சம் துண்டு கரையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. தருவைகுளம் உப்பளத்தில் பொறுக்கிய அந்த மணலளவு படிகத்தை நம்பித்தான் ஜெயபிரியாவின் பிஎச்டியே இருந்தது. இரண்டு கண்ணாடி ஸ்லைடு, நடுவே வாய்க்கால்போல வெட்டிய டபுள் சைடு டேப், வாய்க்காலுக்குள் படிகம். தண்ணீர் ஓட ஓட அது கரைவதை மைக்ராஸ்கோப் வழியே செல்போன் படம்பிடிக்கும்.

"ஓட்டம் கூடுனா கரையுற வேகமும் கூடுதான்னு திங்கக்கிழமை காட்டு. இல்லன்னா தலைப்ப மாத்திரு" என்று கைடு ரோச் சார் சொல்லிவிட்டார்.

பம்ப் வாங்க வக்கில்லாத ஆய்வகம், ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டு. எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கிவந்தாள். டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலைக் கட்டிலுக்கு மேலே ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, மெடிக்கலில் வாங்கிய டிரிப்ஸ் குழாயை வாய்க்காலோடு மாட்டி, செல்போனில் வீடியோவை ஓடவிட்டாள். குமிழி புகுந்துவிடுமோ என்ற பயத்தில் குழாயின் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருகி, சொட்டுச் சொட்டாகத்தான் விட்டாள். மத்தியானச் சாப்பாடு கண்ணைச் சுழற்ற, அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

"ஏளா, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

விழித்தால் பக்கத்து வீட்டு செல்லத்தாய் அத்தை. கையில் ஹார்லிக்ஸ், கண்ணில் நீர். தெருவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதலில் போய் நிற்பவள் அத்தை. போன கையோடு டிரிப்ஸ் சக்கரத்தைத் திருகி நர்ஸிடம் திட்டும் வாங்குவாள்.

"அத்தே, இது எனக்கு இல்ல. ஜிப்சத்துக்கு."

"அதுக்கு என்னளா சீக்கு?"

"சக்கரத்தத் தொட்டியளா?"

"பின்ன? இப்படிச் சொட்டுனா எப்பத் தீரும்? லேசா தொறந்து விட்டேன்."

ஜெயபிரியா பதறி எழுந்தாள். குனிந்து பார்த்தாள். படிகத்தில் பாதியைக் காணவில்லை! செல்போன் வீடியோவை ஓட்டினாள். கல்லாய்க் கிடந்தது, அத்தை வந்த நேரத்திலிருந்து மூலை மழுங்கி மளமளவென்று இளைத்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

அனுப்பிய வீடியோவைப் பார்த்த ரோச் சார் உடனே போனில் கூப்பிட்டார். "அருமை! இன்னொரு படிகத்துலயும் இதே வேகம் வரணும். சக்கரத்த எவ்வளவு தொறந்த?"

அது அத்தையின் கைக்குத்தான் தெரியும். புதுப் படிகத்தை வைத்துவிட்டு, மறுபடி திருகச் சொன்னாள். அத்தை சக்கரத்தைத் தொட்டாள், விட்டாள்.

"சும்மா தொங்குறதத் திருகக் கை வரமாட்டேங்கு. நீ படு."

ஜெயபிரியா போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்தாள்.

"முனகு."

பிஎச்டிக்காக முனகினாள். அத்தைக்குக் கண் கலங்கியது. கை தானாகச் சக்கரத்துக்குப் போனது.