துரத்தினால் போக ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவன், கையில் வேலையில்லாமல் அந்நிய நாட்டில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை. தேடியிருந்தால் அந்த இரண்டையும் சில்லறை வேலை என்று தள்ளியிருப்பான்.

லாமாராவும் அவள் புருஷன் நோதாரும் ஜார்ஜியாவிலிருந்து போலந்தின் லுப்ளின் நகரத்துக்கு வந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில் இருந்தார்கள். மேல் கட்டில் அவளுக்கு, கீழ்க் கட்டில் அவனுக்கு. நோதாரின் நூற்றுப் பதினைந்து கிலோவை மேலே ஏற்ற விடுதிக்காரன் சம்மதிக்கவில்லை, கீழே படுப்பவர்களும் சம்மதித்திருக்க மாட்டார்கள். வேலை கேட்டுப் போனால் "விலாசம் என்ன?" என்றார்கள். வீடு கேட்டுப் போனால் "வேலை என்ன?" என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

திரும்பிப் போக ஞாயிற்றுக்கிழமைக்கு விமான டிக்கெட் இருந்தது. போகவர சேர்த்து எடுத்தால் மலிவு என்று எடுத்தது. நோதார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது அவன் குணமே இல்லை என்பதால், அவன் நினைப்பெல்லாம் அதில்தான் என்று லாமாராவுக்குத் தெரிந்தது.

அவள் இருபத்திரண்டு வருஷம் பல்செட் செய்தவள். குத்தாயிசி நகரத்தில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் கறி கடித்தார்கள். பட்டறை மூடிய பிறகு, நோதாரின் அண்ணன் நடத்திய சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருஷம் தட்டுக் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினால் திங்கட்கிழமை காலை அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அதற்கு அவள் தயாராக இல்லை. அதற்காகத்தான் மாலை வகுப்புக்குப் போய் இரண்டு வருஷம் இந்த வாயில் நுழையாத போலிஷ் மொழியைப் படித்தாள்.

முதலில் பார்த்த மூன்று வீடுகளும் அவர்களுடைய நல்ல குணத்தாலேயே போயின. வீடு பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதா என்று நோதார் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புட்டி ஒயின் கொண்டுபோனான். கொடுத்ததோடு நின்றானா? வீட்டுக்காரரின் குலம் வாழ்க, கோத்திரம் வாழ்க என்று மைக் வைத்த குரலில் வாழ்த்தும் சொன்னான். மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

"குடிகாரன்னு நெனச்சுட்டாங்கய்யா" என்றாள் லாமாரா.

"நான் ஒரு சொட்டு குடிக்கலையே!"

"குடிக்காமலே இப்படிப் பேசுறியே, அதான் பயந்துட்டாங்க."

நான்காவது வீடு ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. இரண்டு அறை, கிழக்கே பார்த்த சமையலறை. லாமாரா ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, வேலை கிடைக்கும்வரை இங்கே ஒரு மேஜை போட்டுச் சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்கலாம் என்று மனதுக்குள் இடத்தையே அளந்துவிட்டாள். வீட்டுக்கார அம்மா ஸாபினா, பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவர். இந்த முறை ஒயின் விடுதியிலேயே இருந்தது. நோதார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

"வேலை இல்லேங்கறது எனக்குப் பிரச்னையில்லம்மா" என்றார் ஸாபினா. "முன்னாடி குடியிருந்தவங்க ரெண்டு பேருக்கும் நல்ல வேலை இருந்துது. காலி பண்ணச் சொன்னா ரெண்டு வருஷம் காலி பண்ணலை. கோர்ட்டுக்கு நடந்து நடந்து என் கால் தேஞ்சு போச்சு. இனிமே காகிதம் இல்லாம யாரையும் வெக்க மாட்டேன்."

"என்ன காகிதம்?"

"நான் உங்களை வெளியேத்தினா நீங்க எங்க போவீங்கன்னு எழுதித் தரணும். இந்த நாட்டுலயே இன்னொரு வீடு. அந்த வீட்டோட சொந்தக்காரர், ஆமா நான் சேத்துக்கறேன்னு கையெழுத்துப் போடணும். சட்டத்துல இருக்கு."

லாமாரா ஜன்னலை விட்டு நகர்ந்து வந்தாள். "இன்னொரு வீடு இருந்தா நாங்க ஏம்மா இங்க வர்றோம்?"

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்றார் ஸாபினா, கொஞ்சம் வருத்தத்தோடு. "ரெண்டு காலேஜ் பசங்களும் கேட்டிருக்காங்க. ஒருத்தனோட அப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து கையெழுத்துப் போடறார். அதுக்கு முன்னாடி நீங்க கொண்டுவந்தா வீடு உங்களுக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை. லுப்ளினில் அவர்களுக்குத் தெரிந்த ஜார்ஜியர்கள் ஏழு பேர். ரொட்டிக்கடைக்காரன் கட்டிப்பிடித்து அழுதான், சூடான ரொட்டி நாலு கொடுத்தான், ஆனால் அவனே வாடகைக்குத்தான் இருந்தான். மற்ற ஆறு பேரும் அப்படியே. வாடகைக்காரன் கையெழுத்து செல்லாது. தெரிந்தவர்களுக்குச் சொந்த வீடில்லை, சொந்த வீடுள்ளவர்களுக்கு இவர்களைத் தெரியாது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

"ஊருக்குப் போயிடலாமா?" என்று நோதார் அன்று சாயங்காலம் கேட்டே விட்டான்.

"நீ போ. எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு."

மறுநாள் காலையில் அவள் ஒரு தாளில் எழுதினாள்: 'நான்காம் மாடி வீட்டை வாடகைக்கு எடுக்க விரும்புகிறோம். கணவன் மனைவி இருவர் மட்டும். எங்களை வெளியேற்ற நேர்ந்தால் சேர்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட, சொந்த வீடுள்ள ஒருவர் தேவை. வெளியேற்றும்படி நடந்துகொள்ள மாட்டோம். லாமாரா.' கீழே போன் நம்பர். அதைக் கொண்டுபோய் அந்தக் கட்டடத்தின் மாடிப்படிப் பலகையில், காணாமல் போன ஒரு பூனையின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"பூனையையாவது யாரோ தேடுறாங்க" என்றான் நோதார்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. ஒரு கரகரத்த ஆண் குரல், பெயர்கூடச் சொல்லாமல், "மேளம் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டது.

"என்னது?"

"மேளம். டிரம்ஸ். இருக்கா, இல்லையா?"

"இல்லீங்க."

"ரெண்டு மணிக்கு மூணாம் மாடிக்கு வாங்க. உங்க புருஷனையும் கூட்டிட்டு வாங்க."

ஆளின் பெயர் ஸெனோன். நான்காம் மாடி வீட்டுக்கு நேர் கீழ் வீடு, சொந்த வீடு. பால் தொழிற்சாலையில் அதிகாலை ஷிப்ட், அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கே படுக்கிற ஒண்டிக்கட்டை. வாசலிலேயே நிறுத்தி விசாரணையைத் தொடங்கினார்.

"நாய்?"

"இல்லீங்க."

"ஹை ஹீல்ஸ்?"

"நின்னுக்கிட்டே வேலை பாத்தவ நான். தட்டைச் செருப்புதான்."

"இவரு என்ன கனம்?"

நோதாருக்கு அவ்வளவு போலிஷ் புரிந்துவிட்டது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

லாமாரா யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். ஸெனோனின் பற்கள் அம்மிக்கல் மாதிரி தட்டையாகத் தேய்ந்திருந்தன. "நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க" என்றாள். "எத்தனை வருஷமா?"

அவர் கை தானாகத் தாடைக்குப் போனது. "மேல அந்தப் பழைய ஆளுங்க குடிவந்த நாள்லேருந்து. ராத்திரி பத்து மணிக்கு மேஜையை இழுப்பாங்க. எதுக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு வீட்டுல எத்தனை தடவைம்மா மேஜையை இழுப்பாங்க? இப்ப அந்தப் பசங்க வீடு பாக்க வந்தப்ப முதுகுல டிரம்ஸைத் தூக்கிட்டு வந்தானுங்க. என் கண்ணால பாத்தேன்."

"நாளைக்கு மத்தியானம் அந்தப் பையனோட அப்பா கையெழுத்துப் போடறாராம்" என்றாள் லாமாரா. "உங்க தலைக்கு மேல யாராவது வரத்தான் போறாங்க, ஐயா. அது யாருன்னு நீங்களே முடிவு பண்ண, இந்த ஒரு தடவைதான் வாய்ப்பு. நாளைக்கு மத்தியானத்தோட அது முடிஞ்சுது."

ஸெனோன் உள்ளே போய் ஒரு கரண்டியோடு வந்தார். "நீங்க மேல போங்க. நடங்க. நான் கீழ உக்காந்து கேக்கறேன். சரின்னா, மாடிக்கு மாடி போற ஹீட்டர் குழாயில ஒரு தட்டு தட்டுவேன். ரெண்டு தட்டு தட்டினா பேச்சு முடிஞ்சுது."

ஸாபினாவுக்குப் போன் போட்டுச் சாவி வரவழைத்தார்கள். பாதி வகுப்பில் கிளம்பி வந்த அந்த அம்மா, கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரமாக நின்றார். "நாப்பது வருஷமா பரீட்சை நடத்தறேன். இந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்லை."

லாமாரா அறைக்கு அறை நடந்தாள். குழாயில் ஒரு தட்டு. காலி வீட்டில் மிச்சமிருந்த ஒரே முக்காலியைத் தூக்கி வைத்தாள். ஒரு தட்டு. அடுத்தது நோதார்.

அவன் ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் கழற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவன் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். வாசலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து வாசலுக்கு. நெற்றி வியர்த்தது. நின்றான்.

கீழேயிருந்து சத்தமே இல்லை. ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. தட்டுத் தொட்டியும் அதன் கொழுப்பு மிதக்கும் தண்ணீரும் லாமாராவின் கண் முன்னால் வந்தன. பூட்டிக் கிடந்த வீட்டின் தூசி நோதாரின் மூக்கில் ஏறியது அப்போதுதான். அவன் மூக்கைப் பிடித்தான், வாயைப் பொத்தினான், கண்ணை உருட்டினான். ஒன்றும் பலிக்கவில்லை. அது தும்மல் இல்லை, தீபாவளி. ஸாபினா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே குழாயில் ஒரு தட்டு விழுந்தது. இரண்டாவதுக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வரவேயில்லை. அதற்குப் பதில் ஸெனோன் கரண்டியோடு படியேறி வந்தார்.

"எப்ப நடந்தாரு?" என்றார்.

"இவ்வளவு நேரமும் நடந்தாரே!"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலை. ஆளு இன்னும் கிளம்பலைன்னு உக்காந்திருந்தேன். தும்மினப்புறம்தான் மேல ஒருத்தர் இருக்காருன்னே தெரிஞ்சுது. அதுக்குத்தான் தட்டினேன்." பிறகு நோதாரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "தும்மல் பரவால்ல. மனுஷனுக்கு வர்றதுதான்" என்றார்.

ஸெனோன் ஷிப்டுக்கு லீவு போட, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நால்வரும் நோட்டரியின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வீடு லாமாரா பெயரில். வெளியேற்றப்பட்டால் மூன்றாம் மாடிக்குப் போவதாக அவள் எழுதிக் கொடுக்க, சேர்த்துக்கொள்வதாக ஸெனோன் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு கதவு எண்களையும் திரும்பப் படித்தார்.

ஸாபினாவுக்கே மனசு கேட்கவில்லை. "ஸெனோன், யோசிச்சுக்குங்க. நான் இவங்களைத் துரத்தினா நேரா உங்க வீட்டுக்குள்ள வந்து படுத்துப்பாங்க."

"தெரியும். அதனால துரத்தாதீங்க" என்றார் ஸெனோன். பேனாவை வாங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

லாமாராவும் போட்டாள். சாவி உள்ளங்கையில் விழுந்தபோது அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று மனசு குதித்தது.

"ஞாயித்துக்கிழமை டிக்கெட்டு?" என்றான் நோதார் தெருவில்.

"விமானம் பாட்டுக்குப் பறக்கட்டும். ரெண்டு சீட்டு காலியா பறந்தா விழுந்துடாது."

மூட்டை முடிச்சோடு படியேறியபோது மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. ஸெனோன் வாசலில் நின்றார். "மேல போறதுக்கு முன்னாடி உள்ள வந்துட்டுப் போங்க" என்றார், யாரிடமோ கோபமாக இருப்பவர் மாதிரி.

கூடத்தில் தூண்டில்கள், ரப்பர் பூட்ஸ்கள், பழைய சைக்கிள், புத்தகப் பெட்டிகள் எல்லாம் குவிந்து கிடந்தன. நடக்க ஒரு ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. அத்தனையும் எங்கிருந்து வந்தன என்று அடுத்த அறையைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த அறை துடைத்துக் காலியாக இருந்தது. இரண்டு கட்டில். இரண்டிலும் மடித்த கம்பளி, துவைத்த தலையணை உறை. அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆறு ஹேங்கர்கள் வெறுமனே தொங்கின. ஒரு கட்டிலின் காலுக்குப் பக்கத்தில் புதுமரம் அறைந்து முட்டுக் கொடுத்திருந்தார். அது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

லாமாரா கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயா, நாங்க இங்க வரவே மாட்டோமே."

"வராதீங்க" என்றார் ஸெனோன். "வந்துடாதீங்க, நான் தூங்கணும். ஆனா சேத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அறை இல்லேன்னா அது பொய்க் கையெழுத்து ஆயிடும்."

லாமாரா அழுதாள். இருபத்திரண்டு நாளும் அடக்கி வைத்தது எல்லாம் சேர்த்து, சிரித்துக்கொண்டே அழுதாள். ஸெனோன் பயந்துபோய் ஹேங்கர்களை நேர்படுத்தத் தொடங்கினார்.

நோதார் முட்டுக் கொடுத்த கட்டிலில் மெதுவாக உட்கார்ந்து பார்த்தான். முனகலே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டான்.

"ஒரு வீடு கேட்டோம் லாமாரா" என்றான். "ரெண்டு ஆயிடுச்சு."