ஏழரைக் கை

அந்தக் கம்பெனியில் சத்யப்பிரியாவின் வலது கைதான் அளவு. கடலூர் சிப்காட்டில், பனிச்சறுக்குப் பலகையில் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கையுறை தைக்கிற கம்பெனி அது. பலகை செய்கிற பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் மூன்றுக்கு ஒரே மேஜையிலிருந்து சரக்கு போகிறது. லேபிள் மட்டும் வேறு. பனியை அங்கே யாரும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே பார்த்ததில்லை.

பெண்கள் மீடியம் சைஸுக்கு அளவு பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்த மரக்கை வழியிலேயே விரிசல் விட்டுப்போனது. எல்லாப் பெண்களின் கையையும் டேப் வைத்து அளந்தார்கள். இம்மி பிசகாமல் ஏழரை இஞ்ச் இருந்தது சத்யாவுக்குத்தான். நான்கு வருஷமாக அவள் கை நுழைந்து வந்தால்தான் ஒரு ஜோடி பெட்டிக்குள் போகும். தையல் மெஷினிலிருந்து எழுப்பி, ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஏழரை வருது என்று மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேறு எதிலும் அவளைச் சரியான அளவு என்று யாரும் சொன்னதில்லை.

அந்த வாரம் மூன்று நாளாக எல்லா ஜோடியும் இறுக்கின. நானூறு ஜோடியைத் திருப்பி அனுப்பினாள். மேனேஜர் ராஜமாணிக்கம் நேராகக் கட்டிங் மேஜைக்குப் போனார். தோலை நனைத்து, நன்றாக இழுத்துவிட்டு வெட்ட வேண்டும். இழுக்காமல் வெட்டினால் பிறகு சுருங்கும். அங்கே வெட்டுகிற இளவரசு ஒழுங்காக இழுக்கவில்லை என்று அவரே முடிவுகட்டினார். சனிக்கிழமை கன்டெய்னர் போகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். இளவரசு குனிந்து அடுத்த தோலை நனைக்கப் போனான்.

சத்யாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. குறிஞ்சிப்பாடிக்காரன். மனைவி இறந்து இரண்டு வருஷம். ஒரு வருஷமாக டீ நேரத்தில் அவளுக்குக் கொய்யா நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவருகிறான். அதற்கு இருவரும் பெயர் எதுவும் வைக்கவில்லை. பதினைந்து நாளாக உப்பில்லாமல் கொண்டுவந்தான். கேட்டால் மறந்துவிட்டது என்றான். தினமுமா மறக்கும் என்று திட்டினாள். உடம்பு எப்படி இருக்கிறது, சிதம்பரத்தில் உங்கள் வீட்டுப் பக்கம்தானே பெரிய ஆஸ்பத்திரி, ஒரு நடை போய் வரக்கூடாதா என்று வேறு நச்சரித்தான்.

வெள்ளிக்கிழமை மதியம், அவன் வெட்டில் எங்கே கோளாறு என்று அவளே பார்த்துவிட நினைத்தாள். நான்கு வருஷத்துக்கு முன் அவள் கையில் போட்டுப் பார்த்து வெளிநாட்டுக்காரர் கையெழுத்திட்ட சாம்பிள் ஜோடி பீரோவில் இருந்தது. அதற்குள் கையை விட்டாள். கட்டைவிரலுக்குக் கீழே நின்றது. புதுசு இறுக்கிய அதே இடம், அதே இறுக்கம். கழற்றிவிட்டு, டேப்பை எடுத்துக் கையைச் சுற்றினாள். ஏழே முக்கால்.

கட்டிங் மேஜைக்குப் போனாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

அவன் கத்தரியைக் கீழே வைத்தான். "கொய்யா எடுக்கையில பாத்தேன். வெரலு ஊதியிருந்திச்சி."

"தெரிஞ்சிதான் வாய மூடிக்கினு திட்டு வாங்குனீங்களா?"

"சொன்னா அந்தச் சேர் போயிடும்ல." மேஜைமேல் கிடந்த தோலைத் தடவினான். "எம் பொண்டாட்டிக்கும் மொதல்ல கைதான் ஊதுச்சி. கிட்னி. வெயிலுன்னு நெனச்சி உட்டுட்டோம். அத உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

சத்யா ஃபேனுக்கு அடியில் இருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் சாம்பிளை மறுபடி கையில் பாதி ஏற்றிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், வெட்டு சரியாத்தான் இருக்கு. எங் கைதான் ஜாஸ்தியாயிடுச்சி."

அவர் நம்பாமல் இரண்டு தடவை அளந்தார். மறுபடி எல்லாப் பெண்களையும் வரிசையில் நிற்கவைத்தார்கள். வினோதினிக்கு ஏழரை. நானூறு ஜோடியும் அவள் கையில் வழுக்கிக்கொண்டு போயின. சாயங்காலம் ஃபேனுக்கு அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சத்யா பழைய மெஷினுக்குத் திரும்பி, ஊசியில் நூல் கோத்தாள். இளவரசிடம் ராஜமாணிக்கம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்குச் சீக்கிரம் வா என்றார்.

திங்கட்கிழமை சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, மறுநாள் வரச் சொன்னார்கள். இரண்டு நாளும் லீவு போட்டுக்கொண்டு இளவரசு வந்தான். உள்ளே வாங்க என்றால் வரமாட்டேன் என்றான். வராந்தா பெஞ்சில் முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு, எதிரே இருந்த போர்டையே திரும்பத் திரும்பப் படித்தான்.

இரண்டாம் நாள் அவள் வெளியே வந்து, தைராய்டாம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, வீக்கம் மெதுவாக வடியும் என்றாள். கிட்னி சுத்தமாக இருக்கிறதாம்.

கடைசியாகச் சொன்னதை அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னாள்.

எழுந்து வாசலுக்கு வெளியே போனான். தள்ளுவண்டியில் கொய்யா இருந்தது. உப்பு, காரம் போடலாமா என்று வண்டிக்காரர் கேட்டார்.

"நல்லா போடுங்க. பதினஞ்சி நாளுக்கும் சேத்துப் போடுங்க."

காகிதத்தோடு அவளிடம் நீட்டினான். "இந்தா, சாப்புடு."

இத்தனை நாள் நீங்க, வாங்க என்று பேசியவன். அவள் ஏழே முக்கால் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.