பின்சக்கரத்துக் கம்பி

இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் அந்த நீள சைக்கிளை வாங்கிய மூன்றே மாதத்தில் பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி நான்கு முறை அறுந்துவிட்டது. முன்சீட்டில் கணவர், பின்சீட்டில் மனைவி. தன் கனம் தாங்காமல்தான் அறுகிறது என்று அவளாகவே முடிவுகட்டி, யாரிடமும் மூச்சு விடாமல் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தாள்.

ஐந்தாவது கம்பியும் அறுந்ததும் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனார்கள். மெக்கானிக் அம்மாள் சக்கரத்தைக் கழற்றிச் சுழலவிட்டுப் பார்த்தாள்.

"வெயிட்டு ஜாஸ்தியா?" என்று மனைவி தயங்கியபடி கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. இது ஒத்தை ஆள் ஓட்டுற ரேஸ் சைக்கிள் சக்கரம், இருபத்துநாலு கம்பிதான். ரெண்டு பேருக்கு நாப்பது வேணும், நடுவுல கம்பியெல்லாம் சேர்ற ஹப்பும் கெட்டியா இருக்கணும். அப்பப்ப இறுக்கம் பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா உழைக்கும்."

கணவர் அசடு வழியச் சிரித்தார். "அப்ப நான் ஓடினதெல்லாம் வீணா? என் தொந்தியாலதான்னு நெனச்சு, பால் வாங்கப் போறப்பல்லாம் பார்க்கை நாலு சுத்து ஓடிட்டு வந்தேன்."

"நான் என்னாலதான்னு நெனச்சு அரைவயித்தோட படுத்தேன்."

அவர் சிரிப்பு நின்றது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்!"

மெக்கானிக் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் புதுச் சக்கரத்தோடு மேட்டில் ஏறும்போது அவள் முதல்முறையாகத் தன் முழுப் பலத்தையும் போட்டு மிதியை அழுத்தினாள். ஒரே சங்கிலியில் பிணைந்த முன்மிதிகளும் அதே வேகத்தில் சுழன்றன.

"மெதுவாடி, என் காலு கழண்டுடும்!" என்று அவர் அலறினார்.

அவள் இன்னும் அழுத்தினாள்.