ராஜாவை இன்னொருமுறை கேட்டிருக்கலாம்

1

இந்தக் கதை தம்பெரே நகரில், எதிர்வீட்டு ஐரியின் காபி மேசையில் பிறந்தது. யோசனை அவளுடையது, பழி மட்டும் என்னுடையது.

பின்லாந்தில் காபி கொடுத்தால் உடனே வாங்கிவிடக் கூடாது. முதல் 'வேண்டாம்' மரியாதை. இரண்டாவது, வளர்ப்பு. மூன்றாம் முறை கேட்கும்போது 'சரி, உங்களுக்காக' என்று கோப்பையை இழுத்துக்கொள்ளலாம். [நம் ஊர் விருந்தாளியும் இதே ரகம்தான். என்ன, நாம் எண்ணுவதில்லை.]

அன்று இரண்டாவது 'வேண்டாம்' சொல்லிவிட்டுச் சரித்திரம் அளந்துகொண்டிருந்தேன். சுதந்திரம் வாங்கிய மறுவருஷம், 1918இல், இந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு ஜெர்மன் இளவரசரை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனி போரில் தோற்றது. அவர் இந்தப் பக்கம் வராமலே 'வேண்டாம்' என்று எழுதிவிட்டார். நாடும் குடியரசாகிவிட்டது.

ஐரி கெட்டிலை ணங்கென்று வைத்தாள்.

“ஒரே ஒரு தடவ வேண்டாம்னாரு, உடனே விட்டுட்டாங்களா? இன்னும் ரெண்டு தடவ கேட்டிருந்தா வந்திருப்பாரே மனுஷன்!”

அந்த ஆத்திரத்தில் என்னை மூன்றாம் முறை கேட்க மறந்துவிட்டாள். அன்று எனக்குக் காபி இல்லை.

2

'பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு அரசரின் கப்பல்' (விட்டுவிட்டேன். கப்பலை எழுத ஆரம்பித்தால் நான் கரைசேர மாட்டேன்.)

'முடியாட்சி என்பது அடிப்படையில் ஒரு' (ஐரி கொட்டாவி விட்டாள்.)

ஆகவே நேரே வருகிறேன். இன்னும் இரண்டு முறை கேட்டார்கள், வந்துவிட்டார். பெயர் லுடோல்ஃப். அசல் ஆளின் பெயர் இல்லை, ராஜவம்சத்தோடு நமக்கு எதற்கு வம்பு? நாடாளுமன்றத்தில் பாதிப் பேர் அவரை அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பத் தயார். நிலைப்பாரா, மாட்டாரா?

முடிவை நீங்களே சொல்லிவிடுகிறீர்களா? வேண்டாமா? சரி.

3

ஹில்யா ஒரு குத்தகைக் குடியானவள். ராஜா வேண்டும் என்று ஒருநாளும் நினைத்தவள் அல்ல. அவள் கணவன் எமெலி போன வசந்தத்து உள்நாட்டுப் போரில் தோற்ற செம்படைக்காரன். இப்போது கைதி முகாமில் பட்டினி கிடக்கிறான்.

(முதலில் ஹில்யாவை அழவைத்தேன். ஐரி அந்த வரியை அடித்துவிட்டாள்: “எங்க பொம்பளைங்க வந்தவங்க முன்னாடி அழ மாட்டாங்க, எழுத்தாளரே. காபி போடுவாங்க.”)

போடுகிறாள். நாடே வறுத்த தானியத்தைக் காபி என்று குடிக்கும் காலம். எமெலி திரும்பும் நாளுக்கென்று ஒரு பிடி அசல் கொட்டையை ஒளித்து வைத்திருந்தாள். சுற்றுப்பயணம் போகும் ராஜாவின் குதிரைகள் அவள் முற்றத்தில் இளைப்பாறுகின்றன. வாசனைக்கு ஊரே வாசலில் கூடிவிட்டது.

“காபி குடிங்க.”

“நன்றி, அம்மணி. வேண்டாம்.” ராஜா இந்த மொழியைப் புத்தகத்தில் படித்தவர். 'வேண்டாம்' கணக்கை மந்திரி சொல்லிக்கொடுத்திருந்தார்.

“சும்மா ஒரு வாய் குடிங்க.”

“தங்களுக்கு எதற்குச் சிரமம்?” மூக்கு மட்டும் கெட்டில் பக்கமே இருந்தது.

ஹில்யா மூன்றாம் முறை கேட்கவில்லை.

“என் வீட்டுக்காரர் முகாம்ல கெடக்காரு. அவர விடச் சொல்லி இங்கயே எழுதிக் குடுங்க. அப்புறம் கேக்கறேன்.”

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மந்திரி ராஜாவின் காதில் குனிந்தார்.

“எழுதிக் குடுத்தீங்கன்னா, போர்ல ஜெயிச்சு உங்களக் கூட்டிட்டு வந்தவங்களே தொரத்திருவாங்க.”

“காபியை மட்டும் எடுத்துக்கொண்டால்?”

“கேக்காம எடுத்தா நாடே சிரிக்கும், மகாராஜா. குடிக்காமப் போனா இந்த வீட்டையே அவமானப்படுத்தின மாதிரி.”

(முடிவைச் சொல்கிறீர்களா? இன்னும் வேண்டாமா? நல்ல வளர்ப்பு.)

4

முடிவு ஒன்று: எழுதிக் கொடுக்கிறார். காபி பிரமாதம். கூட்டிவந்த பெரிய பண்ணைக்காரர்களே சேர்ந்து அவரைக் கப்பலேற்றுகிறார்கள். குடியரசு.

இன்னொன்று: குடிக்காமல் கிளம்புகிறார். ஊர் சிரித்த சிரிப்பு தலைநகர்வரை போகிறது. கோடைக்குள் குடியரசு.

வேறொன்று: எழுதியும் கொடுத்து, நிலைத்தும் விடுகிறார். இன்று அவர் கொள்ளுப்பேத்தி தபால்தலையில் சிரித்துக்

ஐரி தாளைப் பிடுங்கினாள்.

“ராஜா இருந்தா என்ன, போனா என்ன? எமெலி வந்தானா?”

தெரியவில்லை. எழுதப் பயமாக இருக்கிறது. அந்த முகாம்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பசியாலும் நோயாலும் செத்தது என் கற்பனை அல்ல. ராஜாவின் காகிதம் போய்ச் சேரும்போது எமெலி [இந்த வாக்கியத்தை எத்தனை முறை தொடங்கியும் முடிக்க முடியவில்லை.]

ஹில்யா கெட்டிலோடு நின்றுகொண்டிருக்கிறாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு பிடிதான். ஆறிக்கொண்டிருக்கிறது.

உங்களை இரண்டு முறை கேட்டேன். மரியாதையாக மறுத்துவிட்டீர்கள். இது மூன்றாவது முறை: எமெலி வருகிறானா?